முப்பது வருஷப் பூட்டு

அப்பா போன மறுமாதமே அண்ணன் வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான். புருஷனைப் பறிகொடுத்துக் கைக்குழந்தையோடு வந்து நின்ற தங்கைக்கு ஒரு தகரப் பெட்டியைக் காலால் தள்ளிவிட்டான். உள்ளே கொள்ளுத்தாத்தாவின் காகிதங்கள். குதிரை வண்டியில் போய் நோயாளிகளைப் பார்த்த காலத்து டாக்டர் அவர்.

"உன் பங்கு இதுதான். எலிக்குப் போடு, இல்ல எடைக்குப் போடு" என்றான். பாகப் பத்திரத்திலும் அப்படியே எழுதிக் கொடுத்தான்.

அவள் இரண்டுக்கும் போடவில்லை. சட்டைக் காலர் தைத்தே மகளை ஆளாக்கினாள். பெட்டி தையல் மெஷினுக்கு அடியிலேயே கிடந்தது. மறக்காமல் அந்துருண்டை மாற்றினாள். மூதாதையர் மேல் பாசம் என்று மகள் நினைத்தாள். பாசமாவது மண்ணாவது! என்றாவது ஒருநாள் அண்ணன் இதற்காக வாசலில் வந்து நிற்பான் என்று கருவிக்கொண்டிருந்தாள்.

வந்தான். அவனும் டாக்டர்தான். சொந்த ஆஸ்பத்திரி கட்டிக் கொள்ளுத்தாத்தா பெயரை வைத்திருந்தான். அவர் கைப்பட எழுதிய காகிதங்களைக் கண்ணாடிக்குள் வைக்க வேண்டும், அவரைப் பற்றிப் புத்தகமும் போட வேண்டும், பெட்டியைக் கொடு என்று கேட்டான்.

"பழசை மனசுல வச்சுக்காத தங்கச்சி. நாம ஒரே ரத்தம்."

"அன்னைக்கு என்ன ரத்தம்ணா ஓடுச்சு?"

அவன் தலை குனிந்தான். "யோசிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பிவைத்தாள். யோசிக்க எதுவும் இல்லை. மறுநாளே பெட்டியை ஒப்படைக்க ஆவணக் காப்பகத்துக்குப் போனாள்.

"எங்க அண்ணனைத் தவிர யாரு வேணா பார்க்கலாம்னு எழுதிக்குங்க."

அங்கிருந்த அதிகாரி அம்மாள் சிரித்துவிட்டாள். "ஒருத்தரை மட்டும் தடுக்க முடியாதும்மா. வேணும்னா எல்லாருக்கும் சேர்த்து மூடி வைக்கலாம். அதிகபட்சம் முப்பது வருஷம்."

"முப்பதே போடுங்க."

"நீங்களும் பார்க்க முடியாது. படிச்சாச்சா?"

"பாதிக்கு மேல புரியலை. டாக்டர் எழுத்துதானே!"

விஷயம் தெரிந்ததும் அண்ணன் போனில் கத்தினான்.

"எனக்கு எழுபத்திரண்டு வயசுடி!"

"தெரியும்ணா. கணக்குப் போட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

 மறுமுனையில் விசும்பல் கேட்டது. அவள் போனை வைக்கவில்லை. அவன் வைக்கும்வரை காதோடு ஒட்டிப் பிடித்திருந்தாள்.

ஆஸ்பத்திரித் திறப்பு விழா நடந்தது. கண்ணாடிப் பேழை வெறுமையாக நின்றதாம். போய் வந்த மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"பாவம்மா மாமா. இதுல உனக்கு என்ன கிடைச்சுது?"

"வயிறு குளிர்ந்துச்சு" என்றாள்.