மாடி அறைத் தீட்டு

சவப்பெட்டிக்குள் அப்பாவின் கால் கட்டைவிரல்களில் தளர்ந்திருந்த துணியைக் குமுதா இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது, மாடியில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. தங்கை தாமரைதான். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் காதில் விழாததுபோல உட்கார்ந்திருந்தார்கள்.

"தொறக்காத," என்றாள் லெட்சுமி அத்தை, அப்பாவின் அக்கா. "பச்ச ஒடம்புக்காரி. தொப்புள்கொடிகூட விழாத புள்ள. பொணத்துக் காத்து பட்டா என்னாவறது? உள்ளயே இருக்கட்டும் லா."

மாடி அறையைப் பூட்டியது குமுதாதான். அத்தை சொன்னதும், தங்கையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் பூட்டிவிட்டு வந்தாள். அதை நினைக்க இப்போது வெட்கமாக இருந்தது.

தாமரைக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகவேண்டும் என்றுதான் அப்பா தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்துகொண்டார். பிள்ளை பிறந்ததும், விரதக்காரருக்குத் தீட்டு ஆகாது என்று அத்தை அவரை மேரு ஊரில் இருந்த சொந்த வீட்டிலிருந்தே கிளப்பி, கிள்ளான் கோயில் மண்டபத்துக்கு அனுப்பிவிட்டாள். யாருக்காகக் காவடியோ அந்தப் பிள்ளையையே பார்க்கக்கூடாதாம்! அப்பாவும் மறுத்துப் பேசவில்லை. "பத்துமலையில காவடிய எறக்கிட்டு வந்து புள்ளயத் தூக்கிக்கிறேன்" என்று கேட்டுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டுப் போனார். நேற்று மண்டபத்திலேயே நெஞ்சு வலி வந்து இறந்துபோய்விட்டார்.

வாசலில் சவ வேன் வந்து நின்றது.

"மூடிரலாமா, ஆன்டி?" என்று வேன்காரர் அத்தையிடம் கேட்டார்.

"கொஞ்சம் இருங்கண்ணே." குமுதா சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அத்தை படிக்கட்டை மறித்தாள். "புள்ளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா நீ பதில் சொல்லுவியா?"

குமுதாவுக்கும் பயமாகத்தான் இருந்தது. "சொல்றேன் அத்த," என்றாள்.

அத்தையைத் தாண்டி மேலே ஏறிப் போய்க் கதவைத் திறந்தாள். தாமரை ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் சுவருமாகப் படியிறங்கினாள். பெண்கள் சிலர் முந்தானையை ஒதுக்கிக்கொண்டு வெளியே போனார்கள். அவள் குனிந்து பிள்ளையை அப்பாவின் முகத்தருகே கொண்டுபோனாள்.

"ஒங்க பேரன்ப்பா."

பிள்ளையின் கை விரதத் தாடியில் பட்டு, இறுக்கிப் பிடித்துக்கொண்டது. தாமரை மெல்ல இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

அத்தை வேகமாக வந்தாள். கத்தப்போகிறாள் என்று குமுதா குறுக்கே நின்றாள். அத்தை அவளை விலக்கிவிட்டுக் குனிந்து, அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள். வேன்காரர் மூடியைப் பிடித்தபடி காத்திருந்தார். அத்தை அவசரப்படவில்லை.