தேரையின் பால்

எங்கள் நாய்க்கு டைகர் என்று பெயர் வைத்தவன் நான்தான். மலேசியாவில், பீடோங் பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் அவனைப் பார்த்து ஒதுங்காத ஆள் கிடையாது. உடும்பையே ஓட ஓட விரட்டியவன். அன்று மழை விட்ட சாயங்காலம், குழாயடியில் விழுந்து கிடந்தான். வாயெல்லாம் நுரை. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன.

"எவனோ எலி மருந்து வச்சிட்டான்!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு இருளப்பன் அண்ணன் சீவிய இளநீரோடு ஓடி வந்தார். எங்கள் தோட்டத்தில் விஷம் என்றாலே இளநீர்தான். மனுஷனா நாயா என்ற கேள்வியே கிடையாது.

"அவன் வாயத் தொற தம்பி, ஊத்துறேன்."

"ஊத்தாதீங்க அண்ணே!" என்று தடுத்தாள் என் மனைவி பிரேமாவதி. குழாய்க்குப் பின்னால் ஒரு தேரையைக் காட்டினாள். உள்ளங்கை அகலம். கண்ணுக்குப் பின்னால் புடைத்த இடத்தில் பால்போல வெள்ளையாக விஷம் கசிந்திருந்தது. அதைத்தான் கவ்வியிருக்கிறான் எங்கள் மகாவீரன்.

சுங்கைப் பட்டாணி டவுனில் இருக்கும் மிருக டாக்டருக்கு உடனே போன் போட்டாள்.

"தொண்டையில ஒண்ணும் ஊத்தாதீங்க, மூச்சு அடைச்சிடும். தலையக் கீழ சாய்ச்சு வாயக் கழுவுங்க. ஈறெல்லாம் தொடைங்க. அப்புறம் நேரா இங்க கொண்டு வாங்க லா!" என்றார் அவர்.

இளநீரை ஊற்றியிருந்தால் நாங்களே கொன்றிருப்போம். நான் டைகரின் தலையைக் கீழே சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். அவள் விரலில் ஈரத்துணியைச் சுற்றி அந்தப் பற்களுக்குள் விட்டாள். துடைத்தாள், கழுவினாள், மறுபடி துடைத்தாள். பல் பட்டு ரத்தம் வந்தும் நிறுத்தவில்லை. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிற முகம்தான். அன்றைக்குத்தான் அதைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

டைகர் பிழைத்தான். மறுநாள் காரிலிருந்து தள்ளாடி இறங்கி, வாசலிலேயே படுத்துக்கொண்டான். குழாயடியில் அந்தத் தேரை இன்னும் இருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. மண்வெட்டியை எடுத்தேன்.

"விடுங்க. அதுவா போய்க் கடிச்சிச்சி? சும்மா ஒக்காந்திருந்தத இவன்தானே கவ்வினான்?" என்றாள் பிரேமாவதி.

யோசித்துப் பார்த்தேன். பல் இல்லை, நகம் இல்லை, வேகமாக ஓடவும் முடியாது. ஆனாலும் இத்தனை பெரிய நாயின் வாயிலிருந்து முழுசாக வெளியே வந்திருக்கிறது. அடேயப்பா! மண்வெட்டியைக் கீழே வைத்தேன்.

தேரை அவசரமே இல்லாமல் தத்தித் தத்தி வாசல் பக்கம் வந்தது. டைகர் தலையைத் தூக்கிப் பார்த்தான். பிறகு மெல்ல எழுந்து, வாலை ஒடுக்கிக்கொண்டு, அதற்கு வழி விட்டான்.