முழங்கைவரை பச்சை

1
ஓர் ஏரியின் வரைபடத்தைப் பார்த்ததில் பிறந்தது இந்தக் கதை. மடக்கிய கையைப் போலிருந்தது ஏரி. தோள்பட்டையில் ஓடை வந்து சேர்கிறது. முழங்கையில் காற்று தள்ளிவருவதெல்லாம் ஒதுங்குகிறது. வரைபடத்தில் மனிதர்கள் இல்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒருத்தியைப் படகில் ஏற்றினேன்.

2
"விடியலில் ஏரி உறங்கிக்கொண்—"

வேண்டாம். இந்த ஏரி உறங்கும் ரகமில்லை.

தண்ணீர் பரிசோதிப்பவள் அவள். முழங்கைப் பக்கம் படகை நிறுத்தி, புட்டியைக் கவிழ்த்து ஆழத்தில் இறக்கி, அங்கே நிமிர்த்தி நிரப்பினாள். (மேலே மிதக்கும் குப்பை மாதிரியில் கலக்கக் கூடாது, ஆய்வகத்தில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.) புட்டிக்குள் தண்ணீர் பளிச்சென்றிருந்தது. கைதான் முழங்கைவரை பச்சை. பெயிண்ட் போல அப்பிய பாசி.

இத்தனை வருடமும் பாசிக்குக் கீழேயே கைவிட்டிருக்கிறாள். பிள்ளைகள் நீந்துவதோ மேலே.

இன்னொரு புட்டியில் மேல்தண்ணீரை வழித்தெடுத்தாள்.

3
கரையில் அவள் தம்பி. ஏரிக்கரை நீச்சல் துறையை நடத்துபவன், இந்த வருடத்துக்கு நாளை திறப்பு. முதலில் அவனைப் பேராசைக்காரனாக எழுதினேன், ஒட்டவில்லை. ஒரு மகளைக் கொடுத்தேன்.

"என்னக்கா, ரெண்டு பாட்டிலு?"

"ஒண்ணு ஆழத்துல, ஒண்ணு மேல."

"முறைப்படி எடுத்தத மட்டும் லேபுக்குக் குடேன். பொய்யா சொல்லச் சொல்றேன்?"

"உம் பொண்ண எறக்குவியா?"

"அவளா? மீனே தோத்துடும்."

"போன வாரம் இதுல எறங்கி உடம்பெல்லாம் தடிச்சுதே, மீனுக்கா தடிச்சுது?"

தம்பி சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினான்.

4
முடிவு ஒன்று: இரண்டு புட்டிகளும் ஆய்வகம் போகின்றன. துறைக்குப் பூட்டு. தம்பி வீட்டில் அவளுக்கு நாற்காலி போடுவாரில்லை.

முடிவு இரண்டு: ஒரு புட்டி மட்டும். துறை திறக்கிறது. (எழுதும்போதே எனக்குக் கை அரித்தது.)

முடிவு மூன்று: காற்று திசைமாறிப் பாசியை—

இதை அடித்துவிட்டேன். காற்றின் தலையில் கட்டித் தப்பிப்பது.

5
அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். அதற்குள், நான் எழுதாமலே, மகள் கரைக்கு வந்துவிட்டாள். ஒரு செருப்பு மணலில் கிடக்கிறது.

"அப்பா, எறங்கட்டா?"

அக்கா இரண்டு புட்டிகளையும் படகின் விளிம்பில் வைக்கிறாள். மகளுக்கு வேண்டாமென்றால் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வேண்டாம் என்பது தம்பிக்கும் தெரியும்.

அவன் பதிலை நான் எழுதப்போவதில்லை. நிதானமாக யோசியுங்கள் என்று உங்களிடம் சொல்லத்தான் இருந்தேன். ஆனால் மகள் ஒற்றைக் காலில் நின்று மற்றச் செருப்பையும் கழற்றுகிறாள்.

சொல்லுங்கள், சீக்கிரம்.