முழுக்கைச் சட்டைக்காரர்கள்

எங்கள் வீட்டு ஆண்கள் எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவார்கள். கேட்டால் கௌரவம் என்பார்கள். என் கணவரின் கைகள் முழங்கை வரை வெந்து சுருங்கிக் கிடப்பது எனக்கல்லவா தெரியும். நெருப்பை அடக்கும் பரம்பரையாம்!

கண்ணாடி உலைதான் எங்கள் தொழில். உலை பொங்கினால் தண்ணீர் ஊற்ற முடியாது, வெடித்துவிடும். எங்கள் குடும்பத்தார் வெறுங்கையை நீட்டினால் நெருப்பு பின்வாங்கும். கலந்த ரத்தத்தில் அந்த வித்தை நிற்காது என்று சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுப்பார்கள். பிள்ளைகளுக்குப் பால்பல் விழுந்ததும் உலை வாயில் கையை நீட்டச் சொல்லிச் சோதிப்பார்கள். அன்று என் மகளின் முறை.

ஆனால் நான் இந்த ரத்தமே இல்லை. தான் பெற்ற குழந்தை செத்துப் பிறந்ததும், யாருக்கும் தெரியாமல் என்னை எங்கிருந்தோ தூக்கி வந்து வளர்த்ததாக அம்மா சாகும்போதுதான் சொன்னாள். மாமனாரின் தம்பி மனைவியும் இப்படி வெளியாள் என்று ஒருமுறை தெரியவந்தது. அவளையும் கைக்குழந்தையையும் அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. பழைய உலை மட்டும் வேலையே இல்லாமல் அன்று இரவு முழுக்க எரிந்தது.

மாமனார் உலைக் கதவைத் திறந்தார். முகத்தில் அனல் அறைந்தது.

"பயப்படாதீங்க அண்ணி, லேசாத்தான் சுடும்" என்றாள் நாத்தனார். லேசாம்! போன வருடம் சோதித்த அவள் மகனுக்கு இன்னும் விரல்கள் நிமிரவில்லை.

"சுட்டா உடனே கைய எடுத்துடு கண்ணு" என்றேன் மகளிடம்.

"எடுக்கக் கூடாது" என்றார் மாமனார். "எடுத்தா கலப்பு ரத்தம்னு அர்த்தம்."

மகள் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள். அலறல் வரும் என்று காத்திருந்தேன்.

உலை அணைந்தது. பின்வாங்கவில்லை, சுத்தமாக அணைந்தது. சுவரில் இருந்த விளக்குகளும் அணைந்தன. கூடத்தில் எங்கள் மூச்சு வெண்புகையாக வந்தது. அவ்வளவு குளிரை அந்த இடம் கண்டதே இல்லை.

"பாத்தீங்களாடா!" மாமனாரின் குரல் தழுதழுத்தது. "இதான்டா சுத்த ரத்தம்!"

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. சிரிப்புகூட வந்தது. சுத்தம் சுத்தம் என்று பொத்திப் பொத்திக் காத்துத்தான் இத்தனை கைகளையும் வேகவைத்திருக்கிறார்கள், மடையர்கள். வெளியிலிருந்து வந்த என் ரத்தம் அல்லவா அங்கே நின்றது.

மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த ரத்தம் வெளிய போகக் கூடாது. என் பொண்ணு வயித்துப் பேரனுக்குத்தான் இவ. இவங்களுக்குப் பொறக்கறதுங்களும் இதே உலையில கைய நீட்டணும்."

கணவரைப் பார்த்தேன். அவர் குனிந்து மணிக்கட்டுப் பொத்தானைச் சரி செய்துகொண்டிருந்தார்.

மகள் கையை இறக்கினாள். உலை மறுபடியும் குபுகுபுவென்று பற்றிக்கொண்டது. அவள் நாத்தனார் மகனிடம் போய், மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னம்மா, சம்மதந்தானே?" என்று என்னிடம் கேட்டார் மாமனார். அவருக்குப் பின்னால் உலை வாய் திறந்தே இருந்தது.

"உங்க இஷ்டம், மாமா" என்றேன்.