பட்டியலில் இல்லாத கடை

அந்தக் கடையை வித்யாலட்சுமி இரண்டு முறை கடந்து போய்விட்டுத் திரும்பி வந்தாள். மூன்றாம் முறை எதிர்ச்சாரியில் கரும்புச்சாறு வண்டியருகே நின்று, குடிக்கும் எண்ணமே இல்லாமல் ஒரு கிளாஸ் சாற்றை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு பலகையைப் படித்தாள். 'உத்திராபதி ஆர்ம்ஸ் ஸ்டோர்ஸ், மஞ்சக்குப்பம், கடலூர்.' அதற்குக் கீழே, 'அரசு உரிமம் பெற்ற துப்பாக்கி, தோட்டா விற்பனையாளர்.' ஒரு பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை, மறுபக்கம் ஜெராக்ஸ் கடை. நடுவில் இது, ஏதோ அரிசி மண்டி மாதிரி சாதாரணமாகத் திறந்து கிடந்தது.

இரண்டாயிரத்துப் பத்தாம் வருடம், மார்ச் மாதம் பதினைந்தாம் தேதி. ஒரு தனியார் வங்கியின் கடலூர் கிளைக்காகக் கடைகளுக்குக் கார்டு மெஷின் வைத்துக் கொடுப்பது அவள் வேலை. ஒப்பந்த வேலைதான். மார்ச் முடிவதற்குள் நாற்பது கடை பிடித்தால் நிரந்தரம். இல்லையென்றால் ஏப்ரலிலிருந்து சிதம்பரம் தெற்கு வீதியில் வீட்டோடு இருக்கவேண்டியதுதான். அதற்குள் மாப்பிள்ளை ஜாதகங்களோடு தயாராக இருந்தாள் அம்மா பார்வதம். நகைக்கடை, ஜவுளிக்கடை, மருந்துக்கடை, பெட்ரோல் பங்க் என்று முப்பத்தொன்பது முடிந்துவிட்டன. நாற்பதாவதாக வாக்குக் கொடுத்திருந்த பாத்திரக்கடைக்காரர் அன்று காலை மனம் மாறிவிட்டார். மனம் மாறியவர் சும்மா விடாமல், "அந்தத் துப்பாக்கிக் கடை அம்மா ரொம்ப நாளா மெஷின் கேட்டுக்கிட்டு இருக்காங்க, போய்ப் பாரும்மா" என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்.

சாற்றை ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தெருவைக் கடந்து வாசற்படியில் கால் வைத்தாள். உள்ளே நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றை டியூப்லைட்டை நோக்கித் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக் குழலுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். வித்யாவின் கால் படியிலேயே ஒட்டிக்கொண்டது.

"உள்ள வாம்மா. இது காலி. உள்ள துரு ஏறியிருக்கான்னு பாக்கறேன்."

அவள்தான் மலர்க்கொடி. பலகையில் இருந்த உத்திராபதி அவளுடைய அப்பா. அவர் போனபிறகு எட்டு வருடமாக உரிமம் அவள் பெயரில் இருக்கிறது. கணவர் கார்த்திகேசன் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறார். கடைக்கு மேலேயே வீடு. இவ்வளவையும் மோர் ஊற்றிக் கொடுப்பதற்குள் மலர்க்கொடி சொல்லி முடித்துவிட்டாள். சுவரோரம் கம்பிக் கதவு போட்ட அலமாரியில் துப்பாக்கிகள் சங்கிலியால் கோக்கப்பட்டு வரிசையாக நின்றன. கோயில் உற்சவத்துக்குக் காத்திருக்கும் குடைகளைப்போல அவை சாதுவாக இருந்தது வித்யாவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"இங்க யாருக்கா வாங்க வருவாங்க?" என்று தயங்கிக் கேட்டாள்.

"யாரு வருவாங்க, கரும்பு போட்றவங்க வருவாங்க. பன்னி பூந்தா வானத்தப் பாத்து ஒண்ணு வெடிச்சாப் போதும், ஓடிப்பூடும். அப்புறம் மிலிட்டரிலேர்ந்து வந்து செக்யூரிட்டி வேல பாக்கறவங்க. அவுங்கதான் ஜாஸ்தி. லைசென்ஸ் புஸ்தகம் எடுத்தாந்தாத்தான் தோட்டா. எத்தினின்னு அதுல எழுதி, இங்க ரிஜிஸ்டர்லயும் எழுதி, கையெழுத்து வாங்கணும்."

"மெஷின் எதுக்குக்கா கேட்டீங்க?"

மலர்க்கொடி துப்பாக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

"திருடன் வந்தா அவனுக்கு இங்க ரெண்டு வேலம்மா. ஒண்ணு துப்பாக்கி, ஒண்ணு காசு. துப்பாக்கிக்கு சர்க்கார் சொன்ன பூட்டு இருக்குது. காசு கடையிலயே இல்லன்னு ஊருக்குத் தெரிஞ்சிட்டா பாதி பயம் போயிடும் பாரு. ரெண்டு பேங்க்ல கேட்டேன். கடப் பேரச் சொன்னதும் போன வச்சிட்டாங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் வித்யாவுக்குச் சுருக்கென்றது. பாரத்தைப் பூர்த்திசெய்து நாளை மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

சிக்கல் கிளையில் காத்திருந்தது. விண்ணப்பத்தில் வியாபாரத்தின் வகை என்று ஓர் இடம். கம்ப்யூட்டரில் அதை அழுத்தினால் ஒரு பட்டியல் விழும். அகர்பத்தியிலிருந்து ஐஸ்கிரீம் வரைக்கும், பழைய புத்தகத்திலிருந்து பல் வைத்தியம் வரைக்கும் அதில் இருந்தது. துப்பாக்கி இல்லை, தோட்டாவும் இல்லை. குழுத்தலைவன் ராஜகணேஷ் எட்டிப் பார்த்தான். அவனும் சிதம்பரத்துக்காரன்தான், அவளைவிட மூன்று வயது மூத்தவன், எந்நேரமும் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டே இருப்பவன்.

"இதுக்கு ஏன் முழிக்கற? ஸ்போர்ட்ஸ் சாமான்னு போடு. துப்பாக்கி சுடறதும் ஒலிம்பிக்ஸ்ல இருக்கில்ல? மெட்ராஸ்ல யாரு வந்து பாக்கப் போறாங்க? பதினஞ்சு நாள்தான் இருக்கு வித்யா."

அவன் கெட்டவன் இல்லை. அவள் வேலை போய்விடக்கூடாது என்றுதான் சொன்னான். அவளும் அப்படியே அழுத்தினாள்; அச்சடித்து எடுத்துக்கொண்டு புதன்கிழமை மஞ்சக்குப்பம் போனாள். மற்ற கடைக்காரர்கள் எல்லாம் பென்சில் புள்ளி வைத்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள். மலர்க்கொடி மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தாள். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

"ஏம்மா, நான் பந்து விக்கலியே?"

வித்யாவுக்குக் காது சூடாகிவிட்டது.

"பட்டியல்ல உங்க கடை இல்லக்கா. அதான்…"

"இந்தத் தொழில்ல ஒரு பேப்பர் சொல்றதும் இன்னொரு பேப்பர் சொல்றதும் ஒண்ணா இருக்கணும். மாறுச்சின்னா, கலெக்டர் ஆபீஸ்ல மொதல்ல என்னத்தான் கேப்பாங்க. எங்கப்பா பேரு வெளிய பலகைல இருக்குது. அத மறைச்சி எனக்கு மெஷினு வாணாம்." கோபமாகச் சொல்லவில்லை. பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள். "உன் மேல தப்பு இல்லம்மா. மோர் குடிக்கிறியா?"

அந்த மோர்தான் வித்யாவை என்னவோ செய்தது. திட்டியிருந்தால் எழுந்து போயிருப்பாள். மூன்றாம் பக்கத்தை உருவி நான்காகக் கிழித்துப் பைக்குள் போட்டாள். பையிலிருந்து வெற்றுப் பாரம் ஒன்றை எடுத்து, 'இதர' என்ற கட்டத்தில் தன் கையாலேயே எழுதினாள்: உரிமம் பெற்ற துப்பாக்கி மற்றும் தோட்டா சில்லறை விற்பனை. எழுதி முடித்ததும், வேலை போனாலும் போகட்டும் என்று ஒரு தைரியம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. மலர்க்கொடி மறுபடியும் முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். மறுநாள், பதினெட்டாம் தேதி, விண்ணப்பம் சென்னைக்குப் போனது.

இருபத்திரண்டாம் தேதி பதில் வந்தது. ஒரே வரி. தடைசெய்யப்பட்ட தொழில் வகை, நிராகரிக்கப்பட்டது. கீழே பெயர்: ராமாமிர்தம், தலைமை அலுவலகம். ராஜகணேஷ் கழுத்துப்பட்டையை இன்னும் கொஞ்சம் தளர்த்திக்கொண்டான்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனை வைத்துவிட்ட வங்கிகளின் கணக்கில் மூன்றாவதாகச் சேர அவளுக்கு மனமில்லை. நேரில் போனாள். கடையில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் முதுகைக் காட்டியபடி ரிஜிஸ்டரில் குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் திடுக்கிட்டு, பழக்கதோஷத்தில் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

"குட்மார்னிங் மேடம்! நீங்க எங்க இங்க?"

தட்சிணாமூர்த்தி. அவளுடைய கிளை வாசலில் தினமும் காலையில் இதே சல்யூட்டை வைக்கிற, பெரிய மீசை வைத்த காவல்காரர்.

"நீங்க எங்கண்ணே இங்க?"

"வருஷா வருஷம் இங்கதானே மேடம். பழைய தோட்டாவ மாத்தணுமில்ல? நம்ம பேங்க் லெட்டர் குடுப்பாங்க, நான் வந்து வாங்கிட்டுப் போவேன்."

மேசைமேல் கிடந்தது அந்தக் கடிதம். வித்யாவின் வங்கி முத்திரை, வித்யாவின் மேனேஜர் கையெழுத்து. 'உரிமம் பெற்ற விற்பனையாளரான தங்களிடமிருந்து' என்று மரியாதையாகத் தொடங்கியிருந்தது. அவள் அதை இரண்டு தரம் படித்தாள். பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்னவென்று தெரியாமலே மலர்க்கொடியும் சிரிக்க ஆரம்பித்தாள். தட்சிணாமூர்த்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

"அக்கா, இதுமாதிரி லெட்டர் இன்னும் இருக்கா?"

மலர்க்கொடி அலமாரியிலிருந்து கோப்பை இறக்கினாள். ஏழு வருடக் கடிதங்கள், தேதி வாரியாக.

பக்கத்துக் கடையில் ஏழையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, அங்கேயே நின்று சென்னைக்குப் போன் போட்டாள். ராமாமிர்தத்தின் குரல், சளி பிடித்த, பொறுமையற்ற குரல். "அது லிஸ்ட்ல இல்லாத தொழில்மா. லிஸ்ட்ல இல்லன்னா இல்லதான்."

"சார், ஒரே ஒரு விஷயம். நம்ம பேங்குக்கே தோட்டா அந்தக் கடைலேர்ந்துதான் சார் போகுது. ஏழு வருஷமா. நமக்கு லெட்டர் எழுதி வாங்கத் தெரியுது. அவுங்க மெஷின் கேட்டா மட்டும் தடை செஞ்ச தொழிலா சார்?"

மறுமுனையில் ஓர் இருமல். இருமல் என்று நினைத்தது சிரிப்பாக நீண்டது. முப்பது வருடமாகக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் சிரிப்பதைப்போல, நடுநடுவே நின்று நின்று கிளம்பியது அந்தச் சிரிப்பு.

"ஏழு லெட்டரையும் ஃபேக்ஸ் பண்ணுமா. லைசென்ஸ் காப்பியும் வை. தனி அனுமதிக்கு நான் எழுதறேன்."

அவர் எழுதினார். ஆனால் அனுமதி வந்ததென்னவோ மார்ச் முப்பத்தொன்று சாயங்காலம். மெஷின் வர இன்னும் ஒரு வாரம் ஆகும்; அதைப் பொருத்தினால்தான் கடை கணக்கில் ஏறும். தேதி தாண்டிவிடுமே என்று வித்யா தன் மேசையைக் காலி செய்யத் தொடங்கியபோது, கண்ணாடி அறைக்குள் ராஜகணேஷின் குரல் உயர்ந்தது. வட்டார மேலாளரோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். "அப்ளிகேஷன் தேதி பதினெட்டு சார்! லேட் பண்ணது நம்ம ஆபீஸு, அவ இல்ல!" அரைமணி கழித்து வெளியே வந்தான். கழுத்துப்பட்டை கையில் இருந்தது.

"நிரந்தரம்னு சொல்லல. மூணு மாசம் நீட்டிச்சிருக்காங்க. ஜூன்ல பாப்பம்ங்கறாங்க," என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், "ஸ்போர்ட்ஸ் சாமான்னு சொன்னத மறந்துடு" என்றான்.

ஏப்ரல் எட்டாம் தேதி காலை மெஷினைப் பொருத்த வித்யாவே போனாள். கடை டெலிபோன் கம்பியை எடுத்து மெஷினில் செருகினாள். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து சின்னையன் வந்திருந்தார். அறுபதைத் தாண்டிய கரும்பு விவசாயி. ஆலையின் கரும்புப் பணம் வங்கியில் விழ ஆரம்பித்தபோது கொடுத்த கார்டை இரண்டு வருடமாகப் பிளாஸ்டிக் உறைபோட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தவர், முதன்முதலாக அதை வெளியே எடுத்தார்.

"வலிக்காம இழும்மா," என்றார்.

வித்யா இழுத்தாள். மெஷின் டெலிபோனில் எண்களைச் சுழற்றியது, கீச்சிட்டது, பிறகு திடீரென்று செத்துப்போனது. மறுபடி இழுத்தாள். மறுபடியும் அதே. மலர்க்கொடி கூரையை அண்ணாந்து பார்த்தாள். அதே லைனில்தான் மாடி டெலிபோனும். அங்கிருந்து, இரவு ஷிப்ட் முடிந்து வந்திருந்த கணவர் கார்த்திகேசனின் குரல் கேட்டது. "ஹலோ, யாருங்க? ஏன் கீச்சு கீச்சுன்னு கத்துறீங்க? தமிழ்ல பேசுங்க!"

"ஏங்க! போன வைங்க! அது மெஷினு பேசுது!"

மூன்றாம் முறை எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரும் ஜெராக்ஸ் கடைப் பெண்ணும்கூட வந்து வாசலில் நின்றார்கள். கிர்ரென்று ஒரு வெள்ளைக் காகித நாக்கு வெளியே வந்தது. மலர்க்கொடி கை தட்டினாள். தட்டிய பிறகுதான், தான் கைதட்டியது அவளுக்கே தெரிந்து வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னையன் காகிதத்தில் தகப்பன் பெயரோடு முழுப்பெயரையும் எழுதினார். எழுத எழுத இடம் போதாமல் கடைசி இரண்டு எழுத்து மேசையில் போயிற்று. ரிஜிஸ்டரிலும் லைசென்ஸ் புத்தகத்திலும் எழுதி முடித்து, தோட்டாப் பெட்டியைக் கட்டிக் கொடுத்தாள் மலர்க்கொடி.

"மெஷின்னு ஒண்ணு வச்சீங்களே, எனக்கு ஒண்ணு கெடைக்குமா?" என்றார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். வித்யா பைக்குள் கைவிட்டுப் பாரத்தைத் தேடினாள்.

தேடியபடியே வெளியே பார்த்தாள். தெருக்கோடியில் இருந்த மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒரு சர்க்கஸ் வந்து இறங்கியிருந்தது. இருபது பேர் கயிற்றைப் பிடித்து நடுக்கம்பத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். சாயம்போன மஞ்சள் கூடாரத் துணி தரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது. பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மைதானத்தைக் கடந்துகொண்டிருந்த சின்னையன் நின்றார். ஒரு கணம் பார்த்தார். பிறகு வரிசையின் கடைசியில் போய், காலியாக இருந்த வலது கையால் கயிற்றைப் பற்றி, "ஐலேசா!" என்றார். துணிக்குள் கடற்காற்று புகுந்து, கூடாரம் ஒரே மூச்சில் மேலே உப்பியது.