பணிமனைக்குப் போன தளபதி

ராணுவத் தலைமைத் தளபதியாக ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்திலேயே அவர் போக்குவரத்து அமைச்சரானார். பிரதமர் நேரில் வீட்டுக்கு வந்து கேட்டார். "ஒழுங்குன்னா என்னன்னு தெரிஞ்ச ஆள் எனக்கு வேணும். உங்களை விட்டா யாரு?" என்றார். தளபதிக்கு முகத்துதி பிடிக்காது. ஆனால் காலையில் எழுந்து செய்ய ஒன்றுமில்லாமல் செய்தித்தாளை இரண்டு முறை படிப்பது அதைவிடப் பிடிக்கவில்லை. சரி என்றுவிட்டார்.

பிரதமரின் கார் போனதும் மனைவி கோப்பைகளை எடுத்துக்கொண்டே, "அங்க யாரும் உங்களுக்கு சல்யூட் அடிக்க மாட்டாங்க. பரவாயில்லையா?" என்று கேட்டாள்.

"திருப்பி அடிக்கிற வேலை மிச்சம்" என்றார் அவர்.

அமைச்சகத்தில் யாரும் அவர் பேச்சை மறுக்கவில்லை. எதைச் சொன்னாலும், "செஞ்சிடலாம் சார்" என்று துறைச் செயலாளர் பணிவாகத் தலையாட்டுவார். ஆனால் ஒன்றும் நடக்காது. கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகிக் கிடந்தது. பட்டாளத்தில் காலையில் சொன்னால் மாலைக்குள் ஓடியிருக்கும். இங்கே பல வாரங்களாக மூச்சு வாங்க மாடியேறிய பிறகு, செயலாளரை நிறுத்திக் கேட்டார்.

"என்னாச்சு அந்த லிஃப்ட்?"

"ஃபைல் மேல போயிட்டிருக்கு சார்."

"அதாச்சும் மேல போகுதே" என்றார் தளபதி. செயலாளர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்த மழைக்காலத்தில் ஓர் அரசுப் பேருந்து பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதியது. பயணிகள் காயத்தோடு தப்பினார்கள். ஓட்டுநர் இறந்துபோனார். முந்தைய நாள் காலை வண்டியில் ஏறியவர், ஒரு ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் அடுத்ததையும் ஓட்டியிருக்கிறார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் அசந்துவிட்டார். மறுநாள் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க, தலைநகரத்துப் பணிமனைகள் ஒவ்வொன்றாகக் கதவை மூடின. வார முடிவில் நாடு முழுக்க ஒரு பேருந்தும் ஓடவில்லை.

பிரதமர் தொலைபேசியில் கூப்பிட்டார். "பட்டாளத்து டிரைவர்களை இறக்கி பஸ்ஸை ஓட்டச் சொல்லுங்க. கேட்டுல துப்பாக்கியோட நாலு பேர் நிக்கட்டும். தானா வேலைக்கு வந்துடுவாங்க."

இப்போதைய தலைமைத் தளபதி இவரிடம் வேலை கற்றவர். தொலைபேசியில் இவர் குரலைக் கேட்டதும் அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எழுந்து நின்றுவிட்டார் போல.

"முறைப்படி எழுத்துல வரணும் சார். ஆனா நீங்க வாயால சொன்னாலே போதும், நாளைக்கு ஆளுங்க அங்க இருப்பாங்க."

 தளபதி, "நம்ம லாரி டிரைவர் ஒரு டூட்டி முடிச்சா எவ்வளவு நேரம் படுக்கணும்னு நான் ஒரு ஆர்டர் போட்டேனே, அது இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு சார். அதை மீறின மேஜரை நீங்க வீட்டுக்கு அனுப்பினீங்களே, இன்னிக்கும் அதைச் சொல்லித்தான் பசங்களைப் பயமுறுத்துறோம்."

"சரி. யாரையும் அனுப்ப வேண்டாம்" என்று சொல்லி வைத்தார்.

மறுநாள் காலை காவலரைக்கூட அழைத்துக்கொள்ளாமல் பெரிய பணிமனைக்குப் போனார். பேருந்துகள் தூசி படிந்து வரிசையாக நின்றன. கிரீஸ் வாடை அடித்தது. கவிழ்த்துப் போட்ட டயர்களின் மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சங்கத் தலைவி ஒரு நடத்துநர். விசிலக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

"பட்டாளம் வருதுன்னு சொன்னாங்க. நீங்க மட்டும்தானா?" என்றாள்.

"இப்போதைக்கு இவ்வளவுதான் பட்டாளம்."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஒரு டயரைக் காலால் தள்ளி, "உக்காருங்கய்யா" என்றாள்.

உட்கார்ந்ததுதான் தாமதம், நரைத்த ஓட்டுநர் ஒருவர் எழுந்து வாய்க்கு வந்தபடி திட்டத் தொடங்கினார். செத்தவன் தன்னிடம் வண்டி பழகியவன் என்றார். அவன் வீட்டுப் பக்கம் ஓர் அதிகாரிகூட எட்டிப்பார்க்கவில்லை என்றார். தளபதியிடம் யாரும் குரலை உயர்த்திப் பல காலம் ஆகியிருந்தது. அவருக்கு எழுந்துவிடத்தான் தோன்றியது. ஆனால் அந்த மனிதர் களைத்துத் தானாக நிறுத்தும்வரை அசையாமல் இருந்தார்.

"ரெண்டாவது ஷிப்ட் முடியாதுன்னு அவர் சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டார்.

"சொன்னா அடுத்த மாசம் வேற ஊருக்கு மாத்திடுவாங்க" என்றாள் விசிலக்கா. "பொண்ணு இங்க ஸ்கூல்ல படிக்குது. எப்படிய்யா சொல்லுவான்?"

ஓட்டுநர்கள் படுக்கும் அறையைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப்போனார்கள். பழைய பேட்டரிகள் சுவரோடு அடுக்கியிருந்தன. நடுவில் ஒரே ஒரு பெஞ்ச். அதில் அவர் சிறிது நேரம் படுத்துப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

அமைச்சரவைக் கூட்டத்தில் பிரதமர் அவரை முறைத்துப் பார்த்தார். "அவங்களோட உக்காந்து பேசவா உங்களைக் கூட்டிட்டு வந்தேன்? எதுக்குன்னு உங்களுக்கே தெரியும்."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இவர்களுக்கு வேண்டியிருந்தது அவர் அல்ல, அவர் கழற்றி வைத்த சீருடை. விருந்துக்கு என்று கூப்பிட்டுவிட்டு மூட்டை தூக்கச் சொன்னதுபோல் இருந்தது. ஆனாலும் குரல் மாறாமல் சொன்னார்: "பட்டாளத்துல தூங்காதவனை வண்டி ஏத்தினா ஆபீசருக்கு வேலை போகும். இங்க டிரைவருக்கு உயிர் போகுது. இதுக்கு நான் சிப்பாயை அனுப்ப மாட்டேன். வேற ஆளைப் பாருங்க."

போராட்டத்தின் நடுவில் அமைச்சர் விலகினால் அரசுக்கு அசிங்கம். பிரதமர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். தொடர்ந்து இரண்டு ஷிப்ட் கிடையாது, மறுத்தவரை மாற்றக் கூடாது என்று உத்தரவு வந்தது. பணிமனையில் அதை அவரே போய்ப் படித்தார்.

"சம்பளம்?" என்றாள் விசிலக்கா.

"அது என் கையில இல்லைம்மா. இருக்குன்னு பொய் சொல்ல மாட்டேன்."

சிலர் கூச்சலிட்டார்கள். ஆனாலும் மதியத்துக்குள் வண்டிகள் கிளம்பின.

போராட்டச் சூடு அடங்கியதும் பிரதமர் அமைச்சரவையை மாற்றினார். தளபதிக்குப் புள்ளியியல் துறை வந்தது. அங்கே ஓர் அறை, ஒரு ஜன்னல், வருகிறவர் யாருமில்லை. ஒரு வாரம் போய்வந்தவர், ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு மனைவியின் முன் வந்து உட்கார்ந்தார்.

"கோவமா?" என்றாள்.

"இல்ல. ஒருத்தர் வான்னாரு, வந்தேன். போன்னா போக வேண்டியதுதான். என்னை யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பலையே. அதான் உறுத்துது."

"அப்ப தேர்தல்ல நில்லுங்க. வீடு வீடா போய்க் கும்பிடுவீங்களா?"

"பழகிக்கிறேன்."

நின்றார். கும்பிடுவது அவருக்குக் கடைசிவரை சரியாக வரவில்லை. அணிவகுப்பில் நிற்பவர்போலக் கைகளைக் குவித்தார். தோற்றார், அதுவும் நன்றாகவே தோற்றார். வீட்டுக்கு வந்து, "இது எனக்கு முதல் தோல்வி" என்றார்.

"பட்டாளத்துல உங்களை எதிர்த்து யார் ஓட்டுக்கு நின்னா?" என்றாள் மனைவி. சொன்னவளே சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் அந்தத் தெருக்களை அவர் விடவில்லை. முன்னறையில் பெஞ்சுகள் போட்டார். குழாயில் தண்ணீர் வராதவர்களும் ஓய்வூதியம் நின்றுபோனவர்களும் வந்தார்கள். அவர்களோடு அவரும் போய் அலுவலகங்களில் வரிசையில் நின்றார். அடுத்த தேர்தலில் கொஞ்ச வாக்கில் ஜெயித்தார். மந்திரி ஆகவில்லை, எதிர்க்கட்சி வரிசையில் ஓரத்து நாற்காலிதான். அங்கிருந்து எழுந்து கேள்வி கேட்பது அவருக்குப் பிடித்திருந்தது.

சபை இல்லாத நாட்களில் காலையிலேயே முன்னறை நிறைந்துவிடும். இப்போதும் அப்படித்தான். மனைவி உள்ளிருந்து எட்டிப் பார்த்து, "சாக்கடை அடைச்சுக்கிச்சுன்னு ஒரு அம்மா வந்திருக்காங்க. முதல்ல அவங்களைக் கவனிங்க, ரொம்ப நேரமா நிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். அவர் செருப்பைத் தேடிக் காலை நுழைத்துக்கொள்வார்.