ரோஷக்காரனின் வால்

ரோஷக்காரனின் வால் அழுகத் தொடங்கிய அதே வாரத்தில்தான் தம்பியின் இடது புருவமும் கிழிந்தது.

ரோஷக்காரன் ஒரு மீன். சிவப்பு ஃபைட்டர். குத்துச்சண்டைக் கூடத்தில், கையுறைகள் தொங்கும் சுவரோரம் ஒரு தொட்டியில் தனிக்குடித்தனம். கூட்டுக் குடும்பம் அவனுக்கு ஒத்துவராது. இன்னொரு ஆண் மீனை உள்ளே விட்டால் இரண்டில் ஒன்று பிணமாகத்தான் மிதக்கும். தம்பி ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் தொட்டிக்கு எதிரே முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடிப்பான். தன் உருவத்தையே எதிரி என்று நம்பி ரோஷக்காரன் செவுளை விரிப்பான், துடுப்புகளை விறைப்பான், பாய்ந்து பாய்ந்து முட்டுவான். அதைப் பார்த்துவிட்டுப் போய்த்தான் தம்பி இதுவரை ஏழு பேரைச் சாய்த்திருக்கிறான். ஏழாவது ஆள் இன்னும் கஞ்சிதான் குடிக்கிறானாம்.

அண்ணனைப் பஞ்சு என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. இரண்டு சுற்றுக்கு நடுவே கிடைக்கும் ஒரே நிமிடத்தில், கிழிந்த முகத்தை அமுக்கி, மருந்துப் பஞ்சால் ரத்தத்தை நிறுத்தி, வாஸ்லினை அப்பி, மறுபடி அடிவாங்க அனுப்புவது அவன் தொழில். இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று நமக்குத் தோன்றலாம். அவனுக்கோ அதில் ஏகப்பட்ட கர்வம்.

புருவம் பயிற்சியில் கிழிந்தது. பஞ்சு அதை மூடிவிட்டான். ஆனால் அடி கண்ணுக்குள்ளும் இறங்கியிருந்தது. "விழித்திரை ஓரத்துல கிழிஞ்சிருக்கு. லேசர்ல ஒட்டியிருக்கேன்" என்றார் கண் டாக்டர். "அது நல்லாப் பிடிக்கறதுக்குள்ள இந்தப் பக்கம் பலமா அடி விழுந்தா, இந்தக் கண்ண மறந்துட வேண்டியதுதான்."

வெளியே வந்ததும் தம்பி அண்ணனைச் சுவரோடு அழுத்தி, தொண்டையில் முழங்கையை வைத்தான். "மாஸ்டர்கிட்ட வாயத் தொறந்தேன்னு வை, அண்ணன்னு பாக்க மாட்டேன். மூணு வாரத்துல போட்டி. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு."

பஞ்சு சத்தியம் செய்தான். பயந்து செய்தானா, பாசத்தில் செய்தானா என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

கண்ணைப் பற்றிப் பேச முடியாதவன் மீனைக் கவனிக்க ஆரம்பித்தான். வாலின் ஓரம் கறுத்து, கந்தல் கந்தலாகத் தொங்கியது. பஞ்சுக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம். மீனை ஈரத்துணியில் பிடித்து, கிழிசலை விரலால் அமுக்கி, மேலே வாஸ்லினைத் தடவித் தண்ணீரில் விட்டான். ரோஷக்காரன் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தான். முதலுக்கே மோசம்.

வண்ணமீன் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அது என்ன கிழிஞ்ச உதடாய்யா, வாஸ்லின் தடவ? அழுக்குத் தண்ணியிலதான் வால் அழுகும், நல்ல தண்ணிதான் மருந்து. ஒரு நாள் பிடிச்சு வச்ச தண்ணியா, தினமும் மூணுல ஒரு பங்கு மாத்துங்க. நாலு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கல்லுப்பு, அதுவும் பத்து நாளைக்கு மேல வேண்டாம். குளிர விடாதீங்க. முக்கியமா அந்தக் கண்ணாடிய ஒளிச்சு வைங்க."

"எத்தனை நாள்ல மூடும்?"

"மூடறது உங்க தொழில். இது வளரணும்."

வளர்ந்தது. இரண்டு வாரத்துக்குள் கறுப்பு நின்றது. மூன்றாவது வாரம் வாலின் ஓரத்தில் நிறமே இல்லாத ஒரு புதுத் துண்டு, வெங்காயத் தோலைவிட மெல்லிசாக, எட்டிப் பார்த்தது. பெற்ற பிள்ளைக்குப் பல் முளைத்ததுபோலப் பஞ்சு அதை வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டினான்.

போட்டியன்று காலை தம்பி வேறொரு கண்ணாடியோடு வந்தான். பஞ்சு குறுக்கே நின்றான். தம்பி அவனை மார்பில் கைவைத்துத் தள்ளிவிட்டு, தொட்டிக்கு எதிரே கண்ணாடியைப் பிடித்தான். ரோஷக்காரன் சிலிர்த்து எழுந்து ஒரே பாய்ச்சல். புது வால் ஓரத்திலிருந்து அடிவரை இரண்டாகப் பிளந்தது. அப்போதும் அவன் நிறுத்தவில்லை. பிளந்த வாலை இழுத்துக்கொண்டு மூக்கு வெளுக்கும்வரை முட்டினான்.

"பாத்தியா? வாலே போனாலும் விடமாட்டேங்கறான்" என்று சிரித்தான் தம்பி.

எதிராளி இரக்கமில்லாதவன். முதல் சுற்றிலேயே தம்பியின் வலது கண்ணைக் குத்திக் குத்தி வீங்கவைத்து முழுசாக மூடிவிட்டான். இரண்டாவது சுற்றில் இடது புருவம் வாய்பிளந்தது. மணி அடித்ததும் தம்பி மூலைக்கு வந்து விழுந்தான். வாயிலிருந்து ஒரு பல்லைத் துப்பினான்.

"அடைடா அத" என்று பயிற்சி மாஸ்டர் கத்தினார். பஞ்சு அமுக்கினான். இருபது வருஷக் கை. நாற்பது விநாடியில் ரத்தம் நின்றுவிட்டது.

"சூப்பர் அண்ணே" என்றான் தம்பி. "இன்னும் நாலு சுற்று. அவன் குடல உருவறேன்."

திறந்திருந்தது அந்த இடது கண் ஒன்றுதான். காயம் பார்க்க மேடை டாக்டர் ஏறி வந்துகொண்டிருந்தார். பஞ்சு வாஸ்லினை எடுக்கவில்லை. இரண்டு கட்டைவிரலையும் புருவத்தில் வைத்து, பழத்தோல் உரிப்பதுபோல இரு பக்கமும் இழுத்துக் கிழித்தான். தம்பி அலறினான். ரத்தம் அவன் மார்புவரை கொட்டியது. டாக்டர் ஒரு பார்வை பார்த்தார், கையை அசைத்துவிட்டார். போட்டி முடிந்தது.

தையல் போட்டபின் தம்பி உடை மாற்றும் அறைக்குள் அண்ணனை இழுத்துப்போய்த் தாழ்ப்பாள் போட்டான்.

"கூடப் பொறந்த நாயே. உன் கையாலயே என்னைக் கெடுத்துட்டியேடா."

முதல் குத்து விலாவில் விழுந்தது. இரண்டாவது வாயில். பெஞ்சு கவிழ்ந்தது. பஞ்சு கையைத் தூக்கித் தடுக்கவில்லை. தம்பியின் இடப்பக்கம் நகர்ந்தான், அங்கேயும் குத்து தேடி வந்தது. குனிந்தான், குனிந்த இடத்தில் தாடையில் இறங்கியது. கடைசியாக மூக்கு, நட்டநடுவில், எலும்பு முறிகிற சத்தத்தோடு.

தரையில் கிடந்தபடி பஞ்சு தம்பியை நிமிர்ந்து பார்த்தான். வாய் நிறைய ரத்தத்தோடு சிரித்தான்.

"ஒண்ணுகூடத் தப்பலடா" என்றான். "கண்ணு நல்லாத் தெரியுது உனக்கு."